நான்கு பச்சைப் புள்ளிகள்

ஒரு பொருளின் மேல் எந்தத் திறன் குறிக்கப்பட்டிருக்கிறதோ, அந்தத் திறனில் அது இடைவிடாமல் இயங்க வேண்டும். இயங்காவிட்டால் காரணத்தை எழுதி, சிவப்புச் சீட்டு கட்டி, தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். ஆவடியில் நான் வேலை பார்த்த அரசுத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இதுதான் முதல் விதி. என் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நட்டு, போல்ட், பம்பு, எஞ்சின் என்று எது வந்தாலும் இந்த விதிக்கு முன் ஒன்றுதான். பணி ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டேன். விதியை எடுத்து வந்தேன்.

அந்த விதி எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் கணினிக்கு ஏன் பொருந்தவில்லை என்பது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய வரைக்கும் சொல்கிறேன்.

வீடு திருமுல்லைவாயிலில், ரயில் பாதையிலிருந்து நாலு தெரு தள்ளி. நானும் மனைவியும் கீழே. மருமகள் மாடியில். மகன் வெளியூர் வேலையில் இருக்கிறான். லீவு கிடைத்தால் வருவான். மருமகள் ஏரிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி அமைந்தவை. நடுவில் மனைப்பிரிவுகளும் கிடங்குகளும் வந்துவிட்டன. இன்று ஒரு பெருமழை பெய்து ஏரி வழிந்தால் அந்தத் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகும்? இதைக் கணினிக்குள் மழை பெய்ய வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

பல்கலைக்கழகத்துக் கணினிக்கு வரிசை நீளம். அதனால் வீட்டிலேயே ஒன்று வாங்கினோம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கணினி சேர்த்துக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பாகங்களைத் தேர்ந்தெடுத்தார். ஆய்வுக்கு நிறைய ரேம், அதாவது கணினியின் நினைவகம், வேண்டும் என்று மருமகள் சொன்னதால், ஸ்டிக் என்கிற ரேம் பட்டை இரண்டு கொண்ட பெட்டிகளாக இரண்டு பெட்டி, மொத்தம் நான்கு ஸ்டிக் வாங்கினோம். பெட்டிமேல் ஆறாயிரம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது வேகம். எதற்கு ஆறாயிரம் என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ள போய்கினு இருக்கும் சார், நீ கண்டுக்காத" என்றார் கடைக்காரர்.

கடையிலேயே கணினியை முதலில் போட்டபோது அந்த ரேம் ஆறாயிரத்தில் ஓடவில்லை. அதைவிடக் குறைவான வேகத்தில்தான் ஓடியது. பெட்டியில் ஒன்று, உள்ளே ஒன்று. எனக்கு உடனே கை பரபரத்தது. கடைக்காரர் சிரித்துவிட்டு, கணினி விழித்தெழும்போது வரும் திரைக்குள் போய் ஏதோ ஒரு வரியை மாற்றினார். ஆறாயிரம் வந்துவிட்டது. ப்ராசஸரையும் ஒரு தட்டு தட்டி ஏற்றிவிட்டார். இதற்கு ஓவர்க்ளாக் என்று பெயராம். ஒரு பொருளை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவது.

"அப்படியென்றால் விதித்த வேகம் எது? பெட்டியில் இருப்பதா, முன்பு ஓடியதா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் சார்" என்றார்.

முப்பத்தைந்து வருடம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவனிடம் சொல்லும் பதிலா இது? எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஒன்று வந்தால், அது தூக்க வேண்டிய எடையைவிடக் கூடுதலாக ஒரே ஒரு முறை தூக்கச் சொல்லிப் பார்ப்போம். தாங்கினால் தேர்வு. பிறகு அதன் மேல் எழுதுவது குறைந்த எடையைத்தான். கூடுதல் எடையை எழுதி, தினமும் அதையே தூக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்தத் தொழிலில் அதைத்தான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது, அதுவும் வண்ணமயமாக.

இருந்தாலும் ஆறாயிரம் என்று போட்டிருப்பதால் ஆறாயிரம்தான் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முறைப்படி சோதித்தேன். ரேமைச் சோதிக்கவே ஒரு மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் போட்டு விட்டால் அது பாட்டுக்கு எழுதி எழுதிப் படித்துப் பார்க்கும். முதல் பெட்டியின் இரண்டு ஸ்டிக்கை மட்டும் செருகி ஓட்டினேன். காலைக் குளியலுக்கு முன் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாடு வரை ஒரு பிழை இல்லை. அவற்றைக் கழற்றிவிட்டு இரண்டாவது பெட்டி. அதுவும் தேறியது. நான்கின் மேலும் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி ஒட்டினேன். பழைய வழக்கம். தேறியது என்றால் பச்சை. பிறகு நான்கையும் சேர்த்துச் செருகி, மூடி போட்டு, மருமகளிடம் ஒப்படைத்தேன்.

"சரியா இருக்கா மாமா?" என்று கேட்டாள்.

"பச்சை ஒட்டியாயிற்று" என்றேன். இந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு சான்று கிடையாது.

அவளுக்கு ஒரு கெடு இருந்தது. ஆய்வை முடிக்கக் கொடுத்த காலம் தீர்ந்து, ஒரு முறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. இரண்டாவது நீட்டிப்பு விதியில் இல்லை; விதிப் புத்தகத்தை நானே வரி வரியாகப் படித்தேன். விஜயதசமிக்கு மறுநாள் பல்கலைக்கழக ஆய்வுக் குழு கூடும். ஒரே மழையை இரண்டு முறை ஓட்டி, இரண்டு முறையும் ஒரே விடை வந்ததைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பு அத்தோடு சரி.

முதல் முறை ஓட்டினாள். வழிந்த தண்ணீர் ரயில் பாதை மேட்டில் முட்டி நின்றது. எங்கள் தெரு காய்ந்து கிடந்தது. நாங்கள் மூவரும் திரை முன் நின்று நல்லதாயிற்று என்று மூச்சு விட்டோம். அதே மழையை மறுபடி ஓட்டினாள். தண்ணீர் சுரங்கப்பாதை வழியாக இந்தப் பக்கம் வந்து, எங்கள் வீட்டு மூன்றாவது படி வரை ஏறியது.

"அரிசி டிரம்மை மாடிக்கு ஏத்தணுமா வேண்டாமா?" என்று மனைவி கேட்டாள்.

மருமகள் மூன்றாவது முறை ஓட்டினாள். தண்ணீர் அந்தப் பக்கத்திலேயே ஒரு கிடங்கின் மதிலோடு நின்றது. மனைவி, "ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லு. இப்படி மூணு விதமா பேசினா நான் எங்கே வைக்கிறது?" என்றாள்.

நானும் குழம்பிப் போனேன். கணினி நின்று போகவில்லை. திரை நீலமாகவில்லை. ஒரு எச்சரிக்கை கிடையாது. அது பாட்டுக்கு ஓடி முடித்து, அழகாக ஒரு தவறான படத்தைக் கையில் கொடுத்தது. எது தவறு என்றுகூட யாருக்கும் தெரியாது. எங்கள் பிரிவில் பழுதான பம்பு ஒழுகும், சத்தம் போடும், புகையும். மரியாதையான பழுதுகள்.

மருமகள் தன் கணக்கில்தான் பிழை என்று எண்ணினாள். ஆடி மாதம் முழுவதும் சமன்பாடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்பாள்; சோறு ஆறிவிடும். வழிகாட்டிப் பேராசிரியர் தொலைபேசியில் என்ன சொன்னாரோ, ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, பதிவை அவளே ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். தள்ளப்படுவதைவிடத் தானாக விலகுவது மரியாதை என்றாள். அதற்கு என்ன படிவம் என்று கேட்டாள். அந்தப் படிவமும் எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

மூன்று ஓட்டத்துக்கும் நடுவில் எதையாவது மாற்றினாயா என்று மட்டும் கேட்டேன். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை என்றாள்.

"எதையும் மாற்றாமல் மூன்று விடை வந்தால், அது உன் கணக்கு இல்லையேம்மா. கணக்கு தப்பென்றால் ஒரே தப்பு மூன்று முறை வர வேண்டும்."



"மெஷினா இருக்குமோன்னு முதல் வாரமே தோணுச்சு மாமா. ஆனா நீங்க பச்சை ஒட்டியிருந்தீங்க. அதனால அதை விட்டுட்டேன்."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. 

மறுநாள் கணினியைத் திறந்தேன். பெட்டி பெட்டியாகச் சோதித்தேன். முதல் ஜோடி தேறியது. இரண்டாவது ஜோடி தேறியது. முதல் பெட்டியில் ஒன்றும் இரண்டாவது பெட்டியில் ஒன்றுமாகப் போட்டேன். தேறியது. நான் செய்தது சரிதான். அப்படியானால் எங்கே போகிறது பிழை? வேறு வழி இல்லாமல் நான்கையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினேன். பல் துலக்கிவிட்டு வருவதற்குள் திரையில் சிவப்பு வரி.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பிரிவில் நாங்கள் பாகங்களைத் தனித்தனியாகத்தான் பார்ப்போம். தேறிய பாகங்களைச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருந்த வேறு பிரிவின் வேலை. அவர்கள் வேலையில் நாங்கள் தலையிடக் கூடாது. எங்கள் வேலையில் அவர்களும். முப்பத்தைந்து வருடமும் பச்சை ஒட்டி எதிர்ப்புறம் அனுப்பியிருக்கிறேன். வீட்டிலும் அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன். எதிர்ப்புறத்தில் யாரும் இல்லை. மருமகள்தான் இருந்தாள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். நான்கு சேர்ந்தால் தோற்கிறது என்றேன். வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். எப்படி என்று அவர் சொல்லச் சொல்ல மருமகள் ஏற்றினாள். பிழை முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. இறக்கிப் பாருங்கள் என்றார். இறக்கினோம்; கணினி விழிக்கவே மறுத்தது. அரை மணி நேரம் கழித்துத் தானாக எழுந்து, ஒன்றும் நடக்காதது போல் நின்றது.

பிறகு நான் வெயிலைச் சந்தேகப்பட்டேன். எங்கள் மாடி, கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே. மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஒரு பிற்பகல் முழுக்கப் பிழை வரவில்லை. வெற்றி என்று கீழே வந்து காபி குடித்தேன். மறுநாள் விடிகாலை, மழை தூறிக் குளிர்ந்திருந்தபோது, பிழை. மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன். ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை தேறியது, புதன்கிழமை தேறவில்லை. இதற்குள் மனைவி, மாடியில் எந்த அறைக்கு வாஸ்து சரியில்லை என்று தன் தங்கையிடம் விசாரித்துவிட்டாள்.

நேராகக் கடைக்கே போனேன். தீபாவளிக்கு வீட்டுச் சாமான் வாங்க வருகிறவர்களை நம்பிக் கடைக்காரர் அங்கே குளிர்சாதனப் பெட்டியும் விற்க ஆரம்பித்திருந்தார்.

"இன்னா சார் நீ, பைக்ல ரெண்டு பேர் போனா பறக்கும். நாலு பேர் ஒக்காந்துகினு அதே ஸ்பீடு கேட்டா, வண்டி இன்னா பண்ணும்?"

"இதை விற்கும்போது சொல்லவில்லையே?"

"நீ கேட்டது நெறைய ரேமு சார். ஸ்பீடு கீதுன்னு பெட்டியைப் பாத்து நீயேதான் சொன்ன."

அவர் சொன்னது சரிதானா, அல்லது அப்போது வாயில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அடுத்த மூச்சில், பயாஸை, அதாவது கணினியை எழுப்பும் மென்பொருளை, அப்டேட் பண்ணினால் நான்கும் ஆறாயிரத்தில் ஓடும் என்றார். பண்ணினோம். ஓடவில்லை.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். ரேம் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரே ஒரு கேள்வி: பெட்டியில் நீங்கள் அச்சிட்டிருக்கும் எண், அந்தப் பொருள் தினமும் ஓட வேண்டிய வேகமா, அல்லது ஒரு முறை ஓடிக் காட்டிய வேகமா? உடனே ஒரு பதில் வந்தது: என் கருத்து அவர்களுக்கு மிக முக்கியமாம். பிறகு ஸ்டிக்கின் படம் கேட்டார்கள். அனுப்பினேன். பச்சைப் புள்ளி என்ன என்று கேட்டார்கள். விளக்கினேன். நான் பதில் தராததால் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. மறுபடி திறந்தேன். அரசுத் துறையாக இருந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருப்பேன், மேல்முறையீடு வரை வழி தெரியும். தனியாரிடம் ஒரு குடிமகனுக்கு எந்த வழியும் இல்லை. அவர்களுடைய மரியாதையான வாக்கியங்களைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தது. இரவு உணவின்போது நான் இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். தனியாகப் பார்த்தால் நான்கும் குறையில்லாதவை, சேர்த்தால் மட்டும் ஏன் என்று.

மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்க வீட்ல அண்ணன் தம்பி நாலு பேரும் தனித்தனியா தங்கம்தான். ரெண்டு பேர் வந்தாகூட நல்லாத்தான் இருக்கும். நாலு பேரும் ஒண்ணா வந்த அந்தப் பொங்கலை நான் மறக்கல."

மருமகள் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நாலு பேரையும் மெதுவா பேச வைக்கலாம்" என்றாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறாயிரத்துக்கென்று வாங்கிய பொருளை அதற்குக் கீழே ஓட்டுவது குறைபாட்டை ஏற்றுக்கொள்வதாகும். அதற்கு மேலதிகாரியின் எழுத்துபூர்வமான சலுகை வேண்டும். இரண்டை எடுத்துவிட்டு ஆறாயிரத்தில் ஓட்டலாமே என்றேன். ஆய்வு இரண்டில் அடங்காது என்றாள். வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் நீளும், கெடுவுக்குள் இரண்டு முறை முடியுமோ என்னவோ என்றேன்.

"எனக்கு வேகம் வேண்டாம் மாமா. நேத்து சொன்னதையே இன்னிக்கும் சொன்னா போதும்."

மறுநாள் காலை அவளே உட்கார்ந்து இறக்கினாள். முதலில் ப்ராசஸரைக் கடைக்காரர் ஏற்றியதிலிருந்து பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு ரேமை ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் நான்கையும் சேர்த்தே சோதித்தோம். ஐயாயிரத்துச் சொச்சத்தில் பிழை. நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒரு நாள் பொறுத்து ஒரு பிழை. அதற்கும் கீழே, மூவாயிரத்து அறுநூறில், ஒன்றும் வரவில்லை. காலை வரவில்லை, உச்சி வெயிலில் வரவில்லை, மழையில் வரவில்லை. ஃபேனை எடுத்தேன், வரவில்லை. ஸ்டெபிலைசரை எடுத்தேன்; வரவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். பாவம், பேசாமல் ஓடியது.

நான்கு பச்சைப் புள்ளிகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். புதிதாக எதுவும் ஒட்டவில்லை. பச்சையா சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை. விதிப்படி அவை தோற்றவை.

முதல் ஓட்டம் ஆரம்பித்தது. முன்பு இரண்டு நாளில் முடிந்தது இப்போது நான்காவது நாளும் தாண்டியது. அந்த நாட்களில் மாடிப்படியில் யாரும் சத்தமாக ஏறவில்லை. முடிவு வந்தது: தண்ணீர் சுரங்கப்பாதை வழியாக, எங்கள் மூன்றாவது படி வரை. இரண்டாவது ஓட்டத்தை உடனே ஆரம்பித்தாள். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். விஜயதசமி காலையில் முடியும், மறுநாள் குழு. நடுவில் ஒரு மணி நேரம் மின்சாரம் போனால்கூட இன்வெர்ட்டர் தாங்கும். எல்லாம் கணக்குப் போட்டாயிற்று. ஆயுத பூஜையைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் வீட்டில் அன்று எந்தக் கருவியும் ஓடக் கூடாது. என் ஸ்கூட்டர் சாவி, மனைவியின் தையல் மெஷின், அரிவாள்மனை, என் பழைய மைக்ரோமீட்டர் எல்லாம் பலகையில் வரிசையாக, சந்தனம் குங்குமத்தோடு. மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். மனைவி தட்டோடு மாடிக்கு வந்தாள்.

"இதை ஒரு நாள் நிறுத்திடு கண்ணு. அதுக்கும் ஓய்வு வேணும்."

மருமகள் எழுந்து நின்றாள். "இப்ப நிறுத்தினா முதல்லேர்ந்து ஓட்டணும் அத்தை. நாளன்னிக்குக் குழு." 

நான் தலையிட்டேன். தொழிற்சாலையில் கொதிகலனை ஆயுத பூஜைக்கு அணைப்பதில்லை, எரியும்போதே பொட்டு வைப்போம் என்றேன்.

"அது சர்க்கார் கொதிகலன்" என்றாள் மனைவி.

  கீழே சமையலறையிலிருந்து சுண்டலுக்கு வைத்த குக்கர் விசிலடித்தது. மனைவி படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கேட்டாள்; இரண்டாவது விசிலும் வந்தது.

"அடுப்பும்தான் ஆயுதம். அது இன்னிக்கு எரிஞ்சுகிட்டுத்தானே இருக்கு" என்று தனக்குத்தானே சொல்வது போல் சொன்னாள். சந்தனத்தைத் தொட்டாள். காற்று உள்ளே போகும் பக்கம் வேண்டாம் என்று நான் சொன்னேன். பக்கவாட்டில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தாள். ஒரு பிடி பொரியைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். விளக்கு மட்டும் கீழேயே இருக்கட்டும் என்றாள். நெருப்பு விஷயத்தில் அவளும் விதி அறிந்தவள்தான்.

மறுநாள் காலை தெருவில் நேற்று உடைத்த பூசணிக்காய்களின் நடுவே பால்காரர் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தார். மாடியிலிருந்து மருமகள் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் ஏறினோம். இரண்டு படங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருந்தாள். விலகல் ஒன்றும் இல்லை. சுரங்கப்பாதை, எங்கள் தெரு, மூன்றாவது படி.

"நம்ம வீட்டுக்குத் தண்ணி வந்துடுச்சு அத்தை" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "ரெண்டு தடவையும் வந்துடுச்சு."

மனைவி அவள் தலையில் கை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, அரிசி டிரம்மை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள்.

டிரம்மைப் பாதிப் படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நிறுவனத்தின் பதில். பெட்டியில் அச்சிட்டுள்ள எண் அந்தப் பொருளின் வேகமே என்று உறுதி செய்திருந்தார்கள். அந்த வேகத்தில் அது இயங்கும் என்பது உத்தரவாதத்தில் அடங்காது என்றும் உறுதி செய்திருந்தார்கள். என் நான்கு ஸ்டிக்கிலும் குறை எதுவும் இல்லை. இந்தப் பதில் எனக்கு உதவியாக இருந்ததா என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் கொடுத்திருந்தார்கள். எதை அழுத்துவது என்று தெரியாமல் நின்றேன். மேலேயிருந்து மனைவி, "தூக்குங்க" என்றாள். போனைப் பையில் போட்டுவிட்டுத் தூக்கினேன். அன்று விஜயதசமி.